மெல்லிய எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்

புதிதாகத் திறந்த துணிக்கடை, பல் மருத்துவமனை, ஆர்க்கிடெக்ட்டின் விசிட்டிங் கார்டு, சென்ட் பாட்டில், திருமண ஆல்பத்தின் அட்டை. இவை எல்லாவற்றிலும் இப்போது ஒரே சாயலில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. தலைமுடி கனத்தில் கோடு. ஓ என்றால் காம்பஸ் வைத்துச் சுற்றிய வட்டம். ஏ என்றால் சாய்ந்த இரண்டு குச்சியும் குறுக்கே ஒன்றும். எழுத்துக்கு எழுத்து தாராளமான இடைவெளி. பார்த்த மாத்திரத்தில் "இங்கே விலை கொஞ்சம் கூடுதல்தான்" என்று மனசு சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. அதனாலேயே, பொருந்தாத இடத்தில் மாட்டிக்கொண்டு யார் கண்ணுக்கும் தெரியாமல் அது நிற்பதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. டீ ஆறட்டும். அதை எப்படி வரைகிறார்கள், எங்கே வைத்தால் நிற்கும், எங்கே வைத்தால் கரைந்துபோகும் என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்களை முடித்துவிடலாம். டைம்ஸ் நியூ ரோமன் மாதிரி எழுத்துகளில் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்னக் கால் இருக்கும். அதற்கு செரிஃப் என்று பெயர். கால் இல்லாதது சான்ஸ் செரிஃப். அதிலும் வட்டம், நேர்கோடு, முக்கோணம் ஆகியவற்றை வைத்தே கட்டிய எழுத்துகளை ஜியோமெட்ரிக் என்கிறார்கள். கனத்துக்கு 100 முதல் 900 வரை எண் உண்டு. நாம் அன்றாடம் படிக்கும் ரெகுலர் 400, போல்டு 700. 100 என்பதுதான் தின். 200 எக்ஸ்ட்ரா லைட், 300 லைட்.

இந்தக் குடும்பத்தின் மூத்தவர்களில் முக்கியமானது ஃபூச்சுரா. பால் ரென்னர் என்ற ஜெர்மானியப் புத்தக வடிவமைப்பாளர், யாகோப் ஹெக்னர் என்ற பதிப்பாளரின் தூண்டுதலால் 1924இல் அதை வரையத் தொடங்கினார். 1927இல் பிராங்க்பர்ட்டின் பாவர் எழுத்து வார்ப்பகம் அதை ஈய எழுத்தாக வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய ஜெர்மனியில் புத்தகங்களில் பெரும்பகுதி பிராக்டூர் என்ற முறுக்கலான பழைய எழுத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அதன் நடுவே பேனாவின் தடமே இல்லாத, சுத்தமான எழுத்தை வைப்பது துணிச்சலான வேலை. ரென்னருக்கு அந்தத் துணிச்சல் எழுத்தோடு நிற்கவில்லை. 1932இல் நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். 1933இல் கைது செய்யப்பட்டார். மியூனிக்கில் அவர் நடத்திவந்த அச்சுக்கலைப் பள்ளியின் பொறுப்பும் போனது. ஃபூச்சுரா மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. 1969இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டில் பொறித்திருப்பது ஃபூச்சுரா எழுத்துதான்.

ரென்னரின் முதல் வரைபடங்களில் ஜியோமெட்ரி இன்னும் கறாராக இருந்தது. ஸ்மால் ஆர் எழுத்தை ஒரு குச்சியும் பக்கத்தில் ஒரு புள்ளியுமாகப் போட்டிருந்தார். ஏ, ஜி, எம், என் எல்லாவற்றுக்கும் அப்படி விநோதமான வடிவங்கள் இருந்தன. தனியாகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். சொல்லுக்குள் வைத்தால் கண் தடுக்கும். கடைசியில் அவை பின்னுக்குப் போய், இன்று நாம் அறிந்த அமைதியான வடிவங்கள் நிலைத்தன. கேப்பிட்டல் எழுத்துகளுக்கு அவர் ரோமானியக் கல்வெட்டுகளின் அளவுகளை எடுத்துக்கொண்டார். அதனால்தான் ஃபூச்சுராவில் ஈ, எஃப், எல் ஒடுங்கி நிற்கும். ஓ, சி, ஜி விரிந்து நிற்கும். நவீனம் என்று நாம் நினைக்கும் அழகில் பாதி ஈராயிரம் வருடப் பழசு.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் தெரிகிற இந்த எழுத்துகளை உண்மையிலேயே காம்பஸ் வைத்து வரைந்தால் அவை அப்படித் தெரியாது. ஒரு காகிதத்தில் ஒரே உயரத்துக்கு ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டுப் பாருங்கள். வட்டம் குட்டையாகத் தோன்றும். காரணம், வட்டம் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகிறது; சதுரம் முழு விளிம்பாலும் தொடுகிறது. அதனால் கேப்பிட்டல் ஓ எழுத்தை ஹெச் எழுத்தைவிட மேலேயும் கீழேயும் ஒரு சதவீதம், சில சமயம் அதற்கு மேலும் நீட்டி வரைவார்கள். ஃபூச்சுராவில் ஏ எழுத்தின் கூர்முனை இன்னும் தெளிவாகவே கோட்டைத் தாண்டிப் போகும். கோட்டின் கனத்திலும் இதே கதை. படுக்கைக் கோடும் நிற்கும் கோடும் ஒரே கனத்தில் இருந்தால் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். அதைக் கொஞ்சம் இழைத்தால்தான் இரண்டும் சமமாகத் தோன்றும். ஸ்மால் என் எழுத்தில் வளைவு குச்சியோடு சேரும் இடத்தில் கருப்பு திரண்டுவிடும் என்பதால் அங்கே வளைவைச் சன்னமாக்குவார்கள். கணக்குப்படி சரியாக இருப்பது கண்ணுக்குச் சரியாக இருப்பதில்லை. கண்ணின் பக்கம் நிற்பவர்தான் நல்ல எழுத்து வரைஞர்.

தடித்த எழுத்தில் இந்தத் திருத்தங்கள் பெரிதாக இருக்கும். மெல்லிய எழுத்தில் கனம் சார்ந்த திருத்தம் குறைவு, ஏனென்றால் திரளுவதற்கு அங்கே கருப்பே இல்லை. ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு வேறு இடத்தில் விலை கொடுக்க வேண்டும். ஒற்றை இழைக் கோலத்தில் கை ஒரு நூல் பிசகினாலும் தெருவே பார்க்கும்; தடித்த கோட்டில் அது மாவுக்குள் மறைந்துவிடும். தின் எழுத்திலும் அப்படியே. வளைவு நேர்கோடாக மாறும் இடத்தில் சின்ன முட்டு இருந்தாலும், பெரிய போஸ்டரில் அது துருத்திக்கொண்டு நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் பல தின் எழுத்துகளின் தரத்தை இந்த ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அடுத்தது இடைவெளி. மெல்லிய என் எழுத்துக்குள்ளே வெள்ளை அதிகம். அந்த வெள்ளைக்கு ஈடாக எழுத்துகளுக்கு வெளியேயும் வெள்ளை வேண்டும், இல்லையென்றால் லயம் கெட்டு எழுத்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே தின் எழுத்தில் இடைவெளி அகலமாகவும், மிகத் தடித்த பிளாக் எழுத்தில் நெருக்கமாகவும் இருக்கும். டிசைனர்கள் இந்த எழுத்துக்கு இடைவெளியை மேலும் விரித்து வைப்பதற்கும் அடிப்படை இதுதான். கேப்பிட்டல் எழுத்தில் ஐந்தாறு எழுத்துள்ள ஒரு பெயருக்கு அது மிக அழகு. ஒரு பத்தி முழுவதையும் அப்படி விரித்தால் சொற்கள் சிதறிவிடும்.

ராலேவே என்ற எழுத்துருவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. இணையத்தில் நீங்கள் பார்த்த மெல்லிய தலைப்புகளில் நிச்சயம் சில அதில்தான் இருந்திருக்கும். மாட் மெக்கினர்னி என்பவர் அதை முதலில் ஒரே ஒரு கனத்தில், தின் ஆக மட்டுமே வரைந்தார். 2010இல் லீக் ஆஃப் மூவபிள் டைப் என்ற எழுத்துரு வெளியீட்டகம் வழியாக அது இலவசமாக வெளிவந்தது. தலைப்புக்கென்றே வரைந்த எழுத்து. 2012இல் பாப்லோ இம்பல்லாரியும் ரோட்ரிகோ ஃபுயென்சலிடாவும் அதை ஒன்பது கனங்கள் கொண்ட குடும்பமாக விரித்தார்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் சேர்ந்த பிறகு அது போகாத இடமில்லை. அச்சு அசலாக ஜியோமெட்ரிக் என்று அதைச் சொல்ல முடியாது. இயல்பான எழுத்துகள் கொஞ்சம் ஹெல்வெட்டிகா என்ற எழுத்துருவின் பக்கம் சாய்ந்தவை. ஜியோமெட்ரி வேண்டுமென்பவர்களுக்கு மாற்று எழுத்துகளை உள்ளே வைத்திருக்கிறது. டபிள்யூ எழுத்தின் நடுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்தே அதை அடையாளம் கண்டுவிடலாம்.

அதன் எண்களை மட்டும் கவனியுங்கள். ராலேவேயில் தானாக வரும் எண்கள் பழைய பாணி எண்கள். 3, 4, 5, 7, 9 ஆகியவை கோட்டுக்குக் கீழே இறங்கும். 6, 8 மேலே எழும். 0, 1, 2 குட்டையாக நடுவில் நிற்கும். வாக்கியத்துக்குள் ஒரு வருடத்தைக் குறிப்பிடும்போது அது ஸ்மால் எழுத்துகளோடு இழைந்து போகும், அழகாகவே இருக்கும். அதே எண்களைக் கடைப் பலகையில் செல்பேசி எண்ணாகப் போட்டால் பத்து எண்ணும் ஏறி இறங்கி ஆடும். விலைப்பட்டியலில் போட்டால் ஒன்றின் கீழ் ஒன்று நிற்காது. சமமாக நிற்கும் எண்களும் அதே ஃபாண்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஓப்பன்டைப் அமைப்பில் லைனிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தேர்ந்தெடுக்காமலே அச்சுக்குப் போன விசிட்டிங் கார்டுகள் ஏராளம்.

ஒன்பது கனங்களையும் ஒவ்வொன்றாக வரைவதில்லை. பொதுவாக மிக மெல்லியதையும் மிகத் தடித்ததையும் கையால் வரைந்துவிட்டு, நடுவில் உள்ளவற்றைக் கணினியைக் கொண்டு கணக்கிடுவார்கள். அதற்கு இரண்டு எழுத்திலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் புள்ளிகள் இருக்க வேண்டும். ஆகவே தின் எழுத்து குடும்பத்தின் ஒரு கரை. அங்கே நடக்கும் பிழை நடுவிலுள்ள எல்லாக் கனங்களுக்கும் ஒழுகும்.

இவ்வளவு பாடுபட்டு வரைந்த எழுத்து ஏன் காணாமல் போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துரு வரைபவர்கள் எழுத்தின் உடலை வழக்கமாக 1000 அலகாகப் பிரிப்பார்கள். ஒரு தின் எழுத்தில் நிற்கும் கோட்டின் கனம் 20 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெகுலரில் 80. திரையில் அந்த எழுத்தை 16 பிக்சல் அளவில் போட்டால் ரெகுலரின் கோடு 1.28 பிக்சல் வரும். ஒரு பிக்சலை நிரப்பிவிடும், கருப்பாகத் தெரியும். தின் கோடு 0.32 பிக்சல்தான். பிக்சலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கருப்பாக்கத் திரைக்குத் தெரியாது. முழுப் பிக்சலையும் வெளிறிய சாம்பலாக்கிவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்தது கருப்பு, படிப்பவருக்குக் கிடைப்பது சாம்பல். அதே எழுத்தை 60 பிக்சலில் போடுங்கள். கோடு 1.2 பிக்சல் ஆகிவிடும், கருப்பு திரும்பி வந்துவிடும். மெல்லிய எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்வதற்கு இந்தச் சின்னப் பெருக்கல்தான் காரணம்.

வரைந்த டிசைனர் இதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அவருடைய விலையுயர்ந்த திரையிலும் போனிலும் ஒரு பிக்சல் இருக்க வேண்டிய இடத்தில் நீளத்தில் இரண்டு மூன்று பிக்சல்கள் இருக்கும். மூன்று இருந்தால் 0.32 என்பது 0.96 ஆகிறது, எழுத்து கூர்மையாக நிற்கிறது. 2010இல் ஐஃபோன் 4 ஓர் அங்குலத்துக்கு 326 பிக்சலோடு வந்த பிறகுதான் மெல்லிய எழுத்து மோகம் திரைகளில் பரவியது. 2013இல் ஆப்பிள் ஐஓஎஸ் 7 முன்னோட்டத்தைக் காட்டியபோது எங்கு பார்த்தாலும் ஹெல்வெட்டிகா நியூவின் மிக மெல்லிய கனங்கள். படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று பலரும் சொல்ல, வெளியீட்டுக்கு முன்பே கனத்தைக் கூட்டினார்கள். எழுத்தைத் தடிமனாக்கிக்கொள்ள ஒரு தனி அமைப்பும் அந்த வெளியீட்டில் வந்தது.

இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில், எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது நீங்கள் அறிவித்த நிறத்தை வைத்துக் கணக்கிடுகிறது, திரையில் உண்மையில் விழும் சாம்பலை வைத்து அல்ல. ஆகவே 16 பிக்சல் தின் எழுத்து சோதனையில் தேறிவிடும், பாட்டியின் கண்ணில் தேறாது. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் தளர்கிறது. கண்புரை வந்தால் வெளிர் நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. ஒரு மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து, கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி, மருந்தின் அளவு, தொலைபேசி எண், பஸ் நேரம்: இவற்றைத் தின் எழுத்தில் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை. மருத்துவமனையின் பெயர் அந்த எழுத்தில் இருக்கட்டும், பெரிதாக, அழகாக. சீட்டின் உள்ளே எழுதுவதெல்லாம் 400 கனத்தில் இருக்கட்டும்.

அச்சில் வேறு விதமான சோதனை. வெள்ளைத் தாளில் கருப்பு ஒரே மையாக ஓடும்போது மெல்லிய எழுத்து நன்றாகவே நிற்கும். அடர்ந்த மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்தை ரிவர்ஸாக விட்டால் நான்கு பக்கமும் மை பரவிக் கோட்டை விழுங்கும். அந்த மெரூன் இரண்டு மூன்று மைகள் சேர்ந்து வந்த நிறம் என்றால் இன்னும் மோசம். மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு நூல் தள்ளினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். பழகிய அச்சகத்தார் இதைப் பார்த்ததும் "லைட்டா ஒரு அவுட்லைன் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் அவுட்லைன் போட்டால், வரைந்தவர் கணக்குப் பார்த்து வைத்த இடைவெளியும் வளைவும் மாறிவிடும். அதே குடும்பத்தில் 300 கனத்தை எடுத்துக்கொள்வதே சரி. வெள்ளைத் தாளில் 100 எந்த எடுப்பைத் தருகிறதோ, கரும்பின்னணி ரிவர்ஸில் 300 கிட்டத்தட்ட அதையே தரும்.

தமிழுக்கு இந்த எழுத்து பொருந்துமா என்று கேட்பீர்கள். ஒரு கனத்தில் ஓடும் மெல்லிய கோடு தமிழுக்கு அந்நியமே இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறியதெல்லாம் அந்தக் கோடுதான். ண, ஞ, ணை போன்ற சுழி நிறைந்த எழுத்துகளுக்குப் போல்டில்தான் தொல்லை. சுழிக்குள் வெள்ளையே மிஞ்சாது. தின்னில் அவை மூச்சுவிடும். பிரியா ரவிச்சந்திரன் 2014இல் தொடங்கிய கேட்டமரான் எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் தின் முதல் பிளாக் வரை ஒன்பது கனங்களில் இருக்கின்றன, இலவசமாகவே. அதன் தின் கனத்தில் ஒரு தமிழ்த் தலைப்பை 80 பிக்சலில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் தமிழில் இரண்டு இடங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தில் அழகென்று விரித்த இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் கொம்பும் காலும் தத்தம் மெய்யை விட்டு விலகித் தனித்தனி எழுத்துபோல் நிற்கும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் இது அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே கொம்பு, மெய், கால் மூன்றையும் மென்பொருள் மூன்று தனி எழுத்தாகவே எண்ணுகிறது. தமிழுக்கு இடைவெளியை எழுத்துருவில் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று புள்ளி. கோட்டின் கனம் 20 அலகு என்பதால் புள்ளியையும் 20 அலகில் வைத்துவிட்டால், அது சிறிய அளவில் தூசாகிவிடும். பால் என்பதற்கும் பால என்பதற்கும் நடுவே நிற்பது அந்த ஒரு புள்ளி மட்டும்தான். கருத்துள்ள வரைஞர்கள் தின் கனத்தில் புள்ளியைக் கோட்டைவிடப் பெரிதாகவே வைப்பார்கள். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் க், ப், ல், ர் நாலையும் தட்டச்சு செய்து, பலகை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படுமோ அந்த அளவுக்குத் தள்ளி நின்று பாருங்கள். புள்ளி தெரியவில்லையென்றால் 200-க்குப் போங்கள், அதிலும் தெரியவில்லையென்றால் 300. பக்கத்தில் ஆங்கிலம் 100 கனத்தில் இருப்பதால் தமிழும் 100-இல்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே கருமையாகத் தெரிந்தால் போதும், எண்கள் வேறாக இருக்கலாம்.